அன்று கரண்ட் போன நேரம், இன்று கரண்ட் தேவை கூடும் நேரம்

2012-ல் மதுரையில் குடியிருந்தவர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் இட்லிக்கு மாவு ஆட்டினார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மதுரைக்காரர்களான எங்களுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. செல்லூரில் விசைத்தறிகள் நின்றன. ப்ளஸ் டூ பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். மாசி வீதிகளில் கடை வாசல்தோறும் ஜெனரேட்டர் புகை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், விவசாயி டார்ச் லைட்டோடு வரப்பில் இறங்கி மோட்டார் போடப் போவார்.

அந்த வெட்டால் தேவை குறைந்ததா? பெரும்பாலும் தள்ளித்தான் போனது. கரண்ட் வந்த நொடியில் தெரு முழுக்கத் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், அயர்ன் பெட்டி எல்லாம் ஒருசேர ஓடும். கூடவே இன்வெர்ட்டர்களும் சார்ஜ் ஏறும். பேட்டரி வாங்கிக்கொள்வது அதிகம், திருப்பித் தருவது குறைவு. பற்றாக்குறைக் காலத்தில் அதுவே தனிச் சுமை.

2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆனாலும் பழைய வெட்டு திரும்பவில்லை. கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவை பகலைத் தாங்குகின்றன. 60 வாட் குண்டு பல்பு தொங்கிய இடத்தில் 9 வாட் எல்இடி எரிகிறது. 2015-ல் வந்த மத்திய அரசின் உஜாலா திட்டம் அதன் விலையை இறக்கியது. ஆனால் ஃபேன் பல வீடுகளில் இன்னும் பழசுதான். அது 75 வாட் இழுக்கும். புதுவகை பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். மதுரை வெயிலுக்கு நாளில் 15 மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம்.

இன்றைய சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு வருகிறது. சூரிய மின்சாரம் அடங்கும் வேளையில் விளக்கும் ஏசியும் ஏறுகின்றன. பெரிய ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் உண்டு. வீட்டு மீட்டருக்கோ நடுப்பகலும் மாலையும் ஒன்றுதான். பகலில் மோட்டார் ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் சலுகை தருவதே நியாயம். பம்புசெட்டுக்கும் பகல் மின்சாரமே முறை. விவசாயி இரவில் உறங்கட்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் துணி தேய்ப்பதையும் மாவு ஆட்டுவதையும் நடுப்பகலில் முடித்துவிடுங்கள். மாலை 6 முதல் 10 வரை மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள்.