கடைசிப் பருவமும் காண்போர் கவலையும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கே என்று கருதுவார் பலர். ஆயினும், ஓர் ஊரார் தாம் பல்லாண்டு கண்டு களித்த ஆட்டக்காரர் ஒருவரை, அவர் கை தளருங் காலத்து எங்ஙனம் நடத்துகின்றனர் என்பதை உற்று நோக்கின், அவ்வூராரின் உள்ளத்தை ஒருவாறு அளந்தறியலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் ஆட்டத்தை விரும்புவோரிடையே, முதுமை எய்திய பெருவீரர் ஒருவரின் இறுதிப் பருவம் தொடங்குந்தோறும் ஒரு கவலை எழுவது வழக்கம். அக்கவலை எத்தகையது, எதனால் எழுகின்றது, அதற்குத் தக்க விடை யாது என்பவற்றை, 2022ஆம் ஆண்டில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம்மவர்க்குக் கிரிக்கெட் பழக்கமானதாதலின் அதனோடு ஒப்பிட்டுக் கூறின் எளிதில் விளங்கும். பேஸ்பாலிலும் ஒருவர் பந்தெறிய மற்றொருவர் மட்டை கொண்டு அடிப்பர். ஆயின் பந்து தரையில் மோதி எழாது நேரே வரும். எறிவோர் நிற்கும் மேட்டிற்கும் அடிப்போர் முன்னுள்ள தளத்திற்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் விரைவில் எறியப்படும் பந்து அடிப்போரை எய்த, ஒரு விநாடியைப் பத்துக் கூறாக்கி அவற்றுள் நான்கு கூறளவு நேரமே செல்லும். அதற்குள் பந்தைக் கண்டு, அடிப்பதா விடுப்பதா எனத் துணிந்து, உருண்ட பந்தை உருண்ட மட்டையால் அடித்தல் வேண்டும். இஃது அத்துணை அரிய செயலாதலின், தலைசிறந்த ஆட்டக்காரரும் பத்து முறையில் ஏழு முறை தவறுவர். பத்துக்கு மூன்று முறை நன்கடித்துத் தளம் சேர்பவர் பெருவீரர் எனப் போற்றப்படுவர். இரண்டு முறையே சேர்பவர் அணியில் நிலைத்தல் அரிது. புகழுக்கும் நீக்கத்துக்கும் இடையே உள்ளது பத்தில் ஒன்றே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அடித்த பந்து எல்லைச் சுவரைக் கடந்து வீழுமாயின் அதனை ஹோம் ரன் என்பர். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் தரும் அடியை அஃது ஒக்கும்.

இவ்வேறுபாடு மிகச் சிறிதாயிருத்தலே கவலையின் முதற் காரணம். இருபத்தைந்து வயதுடைய இளைஞர் மூன்று வாரம் தொடர்ந்து தவறுவாராயின், 'இது நாள்வசத்தால் வந்த சோர்வு. விரைவில் நீங்கும்' என்று எவரும் அஞ்சாதிருப்பர். நாற்பத்திரண்டு வயதுடையவர் அதே மூன்று வாரம் தவறுவாராயின், 'முடிவு வந்ததோ?' என்று எல்லாரும் கலங்குவர். இருவர் பெயர்க்கும் எதிரே நிற்கும் எண்கள் ஒன்றே. அவற்றின் பொருளோ வேறு. அவ்வெண்களை மட்டும் நோக்கி, இது நீங்குஞ் சோர்வா, நீங்கா முதுமையா என்று அந்நேரத்தில் துணிந்து கூறுவார் எவரும் இலர். பருவம் முடிந்த பின்னரே அது விளங்கும். மேலும், ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடும் ஆட்டங்கள் 162. வசந்தந் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. பிற தொழில்களில் முதியோரின் தளர்ச்சி பெரும்பாலும் மறைந்தே நிகழும். எழுத்தர் ஒருவரின் கை சிறிது தாமதித்தால் அதனை அளந்து செய்தித்தாளில் வெளியிடுவார் இலர். பேஸ்பால் ஆட்டக்காரரின் தளர்ச்சியோ ஆயிரத்தில் ஒரு பங்கும் பிசகாது கணிக்கப்பட்டுக் காலைதோறும் அச்சேறுகின்றது.

இரண்டாவது காரணம், அன்பும் வெற்றிவேட்கையும் ஒன்றோடொன்று மாறுபடுதலாம். முதியவர் நிற்கும் இடத்தில் இளையவர் ஒருவர் நிற்றல் இயலாது. 'அவர் ஆடக் காண்டல் வேண்டும்' என்று விரும்பும் அதே நெஞ்சம், 'நம் அணி தோற்றல் ஆகாது' என்றும் விரும்பும். இவ்விரண்டனுள் யாதேனும் ஒன்றைத் துறத்தல் எளிதன்று.

மூன்றாவது காரணம் நினைவைப் பற்றியது. கடைசியிற் கண்ட தோற்றம் முன்னர்க் கண்டவற்றையெல்லாம் மறைத்துவிடுமோ என்பதே அவ்வச்சம். இவ்வச்சத்திற்குப் பழைய சான்றுகள் உள. பேப் ரூத் என்னும் மாபெரும் வீரர் 1935இல், தம் நாற்பதாம் வயதில், பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் 28 ஆட்டங்களே ஆடினார். ஆயிரத்துக்கு 181 என்ற அளவிலேயே அடித்தார். அவ்வாண்டு மே மாதம் 25ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அன்றோடு நிறுத்தியிருப்பாராயின் அதனினும் சிறந்த முடிவு வேறில்லை. ஆயின் அவர் இன்னும் சில நாள் ஆடி, ஒன்றும் இயலாதவராய் விலகினார். எந்நாள் கடைசி நாளாதற்குத் தக்கது என்பதை அந்நாளில் அறிதல் அரிதன்றோ!

இதனினும் பலர் எடுத்துக்கூறுவது வில்லி மேஸ் என்பாரின் வரலாறு. 1954இல் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில், நெடுந்தொலைவு பறந்த பந்தைப் பின்புறமாக ஓடிப் பற்றியவர் அவர். அச்செயல் இன்றும் அவ்வாட்டத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. அவரே 1973இல், தம் 42ஆம் வயதில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக அதே உலகத் தொடரில் இறங்கினார். ஓக்லந்து நகரில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், கண்ணைக் கூசச் செய்யும் வெயிலில் பந்தைத் தொடர்ந்தவர் தடுமாறி வீழ்ந்தார். அற்றை நாள் தொட்டு, 'மேஸ் வீழ்ந்தது போல் வீழாதிருக்க வேண்டும்' என்று, தாம் விரும்பும் முதியோர் ஒவ்வொருவரைப் பற்றியும் அமெரிக்கர் அஞ்சலாயினர். ஆயின் அவர்கள் மறந்துவிடுவது ஒன்றுண்டு. அதே ஆட்டம் சமநிலையில் நீண்டு பன்னிரண்டாம் சுற்றை எய்தியபோது, தம் அணியை முன்னேற்றிய அடியை அடித்தவரும் அம்மேஸே. அவ்வாட்டத்தில் மெட்ஸ் அணி 10-7 என்ற கணக்கில் வென்றது. வீழ்ச்சி நினைவில் நின்றது, வெற்றி மறைந்தது. இங்ஙனம் மறைத்தது முதுமையன்று, காண்போரின் அச்சமே.

இனி ஸெயின்ட் லூயிஸ் நகருக்கு வருவாம். டொமினிகன் குடியரசில் 1980இல் பிறந்த ஆல்பர்ட் பூஹோல்ஸ், 1999இல் இளம் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்குங்கால், பதின்மூன்றாம் சுற்றுவரை எவராலும் விரும்பப்படாதவராய் அந்நகரின் கார்டினல்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். 2001இல் முதன்முதல் களமிறங்கியவர், அடுத்தடுத்துப் பத்துப் பருவங்களிலும் ஆயிரத்துக்கு 300க்குக் குறையாத அளவில் அடித்து, ஒவ்வொரு பருவத்திலும் முப்பதுக்கு மேற்பட்ட ஹோம் ரன்கள் குவித்தார். 2006இலும் 2011இலும் அவ்வணி உலகத் தொடரை வென்றது. பின்னர் அவ்வாண்டு டிசம்பரில், பத்தாண்டுக்கு 24 கோடி டாலர் என்ற உடன்படிக்கையின்பேரில் ஏஞ்சல்ஸ் என்னும் வேற்றணிக்குச் சென்றார். நகரத்தார் பலர் மனம் நொந்தனர். அங்கே காலும் முழங்காலும் நோயுற, அவரது அடித்தல் ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. 2021 மே மாதம், உடன்படிக்கை முடியுமுன்னரே, அவ்வணி அவரை விடுவித்தது. எஞ்சிய பருவத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியில் கழித்தார். அப்பொழுது அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் 679.

2022 மார்ச்சு மாதத்தில், 25 இலட்சம் டாலர் ஊதியத்தில் ஓராண்டுக்கு மட்டும் அவர் கார்டினல்ஸ் அணிக்கு மீண்டார். அதுவே தம் கடைசிப் பருவம் என்றும் அறிவித்தார். பந்தெறிவோர்க்கு மாற்றாக மட்டை பிடித்தற்கென்றே ஒருவரை நிறுத்தலாம் என்னும் விதி, அவ்வாண்டிலேதான் அவ்வணி சார்ந்த நேஷனல் லீகில் நிலையாக நடைமுறைக்கு வந்தது. களத்தில் ஓடிப் பந்தைத் தடுக்கும் வன்மை குன்றிய ஒருவர்க்கு அவ்விதி ஓர் இருக்கை தந்தது போலாயிற்று. நகரில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே எழுந்தன. 'வருகின்றவர் பழைய பூஹோல்ஸ் அல்லரே. நுழைவுச் சீட்டு விற்பதற்காகவோ அழைத்தனர்? 700 என்னும் எண்ணுக்கு இன்னும் 21 வேண்டுமே. அதனைத் துரத்தி இகழ்ச்சிக்கு ஆளாவாரோ?' என்றெல்லாம் எண்ணினார் பலர்.

பருவத்தின் முற்பகுதி அவ்வச்சத்தை உறுதி செய்வது போலவே சென்றது. ஜூலை மாதத்து இடைவேளையின்போது அவர் அடித்திருந்தது ஆயிரத்துக்கு 215 அளவே. ஹோம் ரன்கள் ஆறு. அவ்விடைவேளையில் நடக்கும் சிறந்தோர் ஆட்டத்திற்கு, முதுபெரு வீரர் என்னும் சிறப்பு நோக்கி அவரும் டெட்ராய்ட் அணியின் மிகெல் கப்ரேராவும் சேர்க்கப்பட்டனர். இப்பெருமை ஆட்டத்தால் வந்ததன்று, பழம்புகழால் வந்தது என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது.

இந்நிலையில் அவ்வணி செய்தது கருதத்தக்கது. அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆலிவர் மார்மோல், பூஹோல்ஸைவிட ஆறாண்டு இளையவர். அவர் பூஹோல்ஸைப் பழம்புகழ் கருதி நாள்தோறும் களத்தில் நிறுத்தவுமில்லை. எண்கள் தாழ்ந்தன என்று விலக்கவுமில்லை. வலக்கையால் அடிப்போர்க்கு, இடக்கையாளர் எறியும் பந்து பொதுவாகத் தெளிவாகப் புலப்படும். ஆதலின், எதிரணியில் இடக்கையாளர் எறியும் நாட்களையே பெரும்பாலும் தேர்ந்து அவரை இறக்கினார். முதியவர் இன்னும் செய்ய வல்லது யாது என்று நாடி, அதனைச் செய்யவிட்டனர். இடைவேளைக்குப் பின்னர் பூஹோல்ஸ் அடித்த ஹோம் ரன்கள் 18. செப்டம்பர் 23ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒரே ஆட்டத்தில் 699ஆவதையும் 700ஆவதையும் அடித்தார். அவர்க்கு முன் அவ்வெண்ணை எய்தியவர் பாரி பாண்ட்ஸ், ஹாங்க் ஏரன், பேப் ரூத் ஆகிய மூவரே. பருவ முடிவில் அவரது அளவு ஆயிரத்துக்கு 270; வாழ்நாள் ஹோம் ரன்கள் 703. அக்டோபர் 8ஆம் நாள், பிலடெல்பியா அணியிடம் கார்டினல்ஸ் தோற்று வெளியேறிய ஆட்டத்தில், தம் கடைசி முறையிலும் நன்கடித்து முதல் தளத்தில் நின்றார். அவ்விடத்தினின்று மாற்று ஓட்டக்காரர்க்கு வழிவிட்டு அகன்றார்.

இதனைக் கேட்போர், 'ஆகவே கவலைப்பட்டது வீண். நம்பியிருந்தால் நலமே விளையும்' என்று கூறலாம். யான் அங்ஙனம் கருதுகின்றிலேன். ரூத்துக்கு அங்ஙனம் விளையவில்லை. இன்னும் பலர்க்கும் விளையவில்லை. ஜூலையிற் கண்ட 215 என்ற எண்ணே அக்டோபரிலும் நின்றிருக்கக் கூடும். நற்பயன் விளைந்தமையால் மட்டும் அன்பு நன்றாயிற்று எனின், பயன் விளையாதபோது அவ்வன்பு தவறு என்றாகும். உண்மை அதுவன்று.

நாம் நோக்க வேண்டிய நாட்கள் வேறு. 2019 ஜூன் மாதத்தில், ஏஞ்சல்ஸ் அணியினராய்ப் பூஹோல்ஸ் முதன்முறை ஸெயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து ஆடியபொழுது, தம்மை விட்டுச் சென்றவர், எதிரணியார், தளர்ந்தவர் என்பவற்றையெல்லாம் மறந்து, காண்போர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவர் தங்கள் அணிக்கு எதிராக ஹோம் ரன் அடித்தபோதும் மீண்டும் எழுந்து நின்றனர். 2022 ஏப்ரல் 7ஆம் நாள், கடைசிப் பருவத்தின் முதல் ஆட்டத்திலும் எழுந்து நின்றனர். அப்பொழுது 700ஐ எவரும் கண்டிலர். பின்வரும் இலாபத்தை எதிர்நோக்கி எழுந்த ஆரவாரம் அன்று அது. முன்னே பெற்றதற்கு அவர்கள் செலுத்திய கடன் அது.

ஆயின் அக்கடன் எதுவரை செல்லும் என்பதையும் எண்ணல் வேண்டும். முதியவர் எஞ்ஞான்றும் முதலிடத்தில் நிற்க வேண்டும் என்று பிடிவாதஞ் செய்தல் அவரையும் ஏமாற்றுவதாம், இளையவரின் உரிமையையும் பறிப்பதாம். எண் தாழ்ந்தவுடன் முகந்திருப்புதலோ, அவரை ஒருபொழுதும் மனிதராக எண்ணாது கருவியாகவே எண்ணினோம் என்பதை ஒப்புக்கொள்வதாம். இவ்விரண்டனுக்கும் இடையே ஒரு வழி உண்டு: உண்மையை மறையாது கண்டு, எஞ்சிய ஆற்றலுக்கேற்ற பணியைத் தந்து, அப்பணி சிறிதாயினும் அதனை மதித்தல். பந்தாட்டக் களத்தில் இதனைச் செய்தல் எளிதன்று என்பதை மேற்கூறிய கவலையே காட்டும். ஆட்டக்களத்திற்கு வெளியே, வீடுதோறும் பணிமனைதோறும், முதியோர் உள்ளனர். அவர்களுடைய எண்களை எவரும் அச்சிடுவதில்லை என்பதே வேறுபாடு.

ஆதலின் அவ்விரசிகரின் கவலையை எள்ளுதல் தகாது. அது பேதைமையன்று, கொடுத்தவரை மறவாத நெஞ்சின் இயல்பு. ஆயின் கவலை மிக்கு, வீழ்ச்சி ஒன்றையே கண்டு, பன்னிரண்டாம் சுற்றிற் பெற்ற வெற்றியைக் காணாது விடலாகாது. முதியவர் இன்றும் களத்தில் நிற்கின்றார் எனின், முடிவை எண்ணிக் கண்ணை மூடிக்கொள்ளாது, அவர் ஆடுங்காறும் கண் திறந்து காண்பதே நாம் அவர்க்குச் செய்யத்தக்க சிறப்பாம்.