பிறர் வீட்டில் ஓராண்டு: பிள்ளையை அனுப்பும் முன்...

 

சில மாதங்களுக்கு முன்பு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு, யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கெட்டிக்காரி, ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சி. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையில் ஓராண்டு படிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து உம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"மௌலவி, பிள்ளையை அனுப்பலாமா?" என்று அந்தத் தாய் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "தொண்ணூறாம் ஆண்டு இந்தத் தெருவை விட்டுப் போனபோது நாலு நாளில் வந்துவிடலாம் என்றுதான் உம்மா கதவைப் பூட்டினா. இருபது வருஷம் போய்விட்டது. அதனால் யாராவது 'போய் வருகிறேன்' என்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது."

அந்தப் பதற்றம் எனக்கும் தெரியும். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வடக்கிலிருந்து வெளியேறிய 70,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம்தான் புகலிடம். அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் திண்ணையில் நாங்கள் பல வாரங்கள் தங்கினோம். பிறர் வீட்டில் எப்படி நடக்க வேண்டும் என்ற முதல் பாடத்தை நான் படித்தது அங்கேதான்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு உடனே பதில் சொல்லவில்லை. விசாரித்து, யோசித்த பிறகு அவரிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பிள்ளைகள் பேசும் வீடுகள் இன்று பல.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு முதல், பிரான்ஸில் காயம்பட்டவர்களைச் சுமந்து சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அம்புலன்ஸ் அணி ஒன்று இருந்தது. ஏ.எஃப்.எஸ். என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரிலும் அது பணி செய்தது. இரண்டு போர்களின் அழிவையும் கண்ட அந்தச் சாரதிகள், பிள்ளைகள் ஒருவர் நாட்டில் ஒருவர் வாழ்ந்து பார்த்தால் பகைமை குறையும் என்று எண்ணினார்கள். 1947இல் அவர்களுடைய முதல் மாணவர் குழு அமெரிக்கா சென்றது. ரோட்டரி சங்கங்களும் இத்தகைய பரிமாற்றத்தை நடத்துகின்றன.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் உலகுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சந்தேகம் பெருகியது. அப்போது முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே 2002இல் ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. கென்னடி, லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரால் அது 'யெஸ்' திட்டம் என்று அழைக்கப்பட்டது. இந்தோனேசியா, பாகிஸ்தான், துருக்கி, எகிப்து, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் வழியே சென்று திரும்பியிருக்கிறார்கள். அரச நிதியில் நடப்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. எந்த நாட்டுப் பிள்ளைகளை ஏற்கிறார்கள், இவ்வாண்டு நடக்கிறதா என்பதை நேரில் உறுதிசெய்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

தாய் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்க விதிகளின்படி இத்தகைய மாணவருக்கு 15 வயதுக்குக் குறையாமலும் பதினெட்டரை வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பிள்ளையை ஏற்கும் குடும்பத்தை அதன் வீட்டுக்கே சென்று நேர்காண வேண்டும். வீட்டிலுள்ள 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணி உண்டா என்று சோதிக்க வேண்டும். உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் மாதம் ஒரு முறையேனும் பிள்ளையோடும் அக்குடும்பத்தோடும் தொடர்புகொள்ள வேண்டும். பிள்ளைகள் இல்லாத தனி நபர் ஒருவரின் வீடாக இருந்தால், பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

இவற்றைத் தெரிந்துகொண்டு நிறுவனத்தாரிடம் கேளுங்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? வளர்ந்த ஆண்பிள்ளைகள் உண்டா? மகளுக்குத் தனி அறை உண்டா? பிடிக்காவிட்டால் வீடு மாற்ற முடியுமா? இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாமல் பணத்தை மட்டும் கேட்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

இன்னொன்று: அந்த ஓராண்டு நம் உயர்தரப் படிப்பில் கணக்கிடப்படாது. திரும்பி வந்து இங்கே முதலிலிருந்து தொடர வேண்டும். அதற்குப் பிள்ளை மனதார ஆயத்தமா என்று பாருங்கள்.

மார்க்கம் பற்றி

பெண்பிள்ளை மஹ்ரம் இல்லாமல் பயணம் செய்வதை ஹதீஸ்கள் எச்சரிக்கின்றன. பாதுகாப்பு உறுதியான இக்காலப் பயணங்களுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதில் உங்கள் குடும்பத்தை நன்கறிந்த ஓர் ஆலிமிடம் நேரில் கேட்டு முடிவெடுங்கள். முஸ்லிம் குடும்பம் ஒன்றையே தரும்படி விண்ணப்பத்திலேயே கேட்பது நல்லது. கிடைக்கும் என்று உறுதி இல்லை.

போகும் பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் சில சட்டங்களைப் படித்துச் செல்ல வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், ஓரிடத்தில் நாலு நாட்கள் தங்கும் எண்ணத்தோடு போனவர் அங்கே பயணி அல்லர். ஆகவே பத்து மாதம் தங்குபவர் கஸ்ரு செய்ய முடியாது. முழுமையாகத் தொழ வேண்டும். நமக்கு ஆண்டு முழுதும் மஃரிப் ஏறத்தாழ ஆறு மணிக்கே. அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். பாடசாலை விட்டு வீடு சேர்வதற்குள் அஸர் தவறிவிடலாம். அங்குள்ள அரச பாடசாலைகளில், பாடம் நடக்காத வேளையில் மாணவர் தாமாகத் தொழுவதற்குத் தடை இல்லை. முதல் வாரமே ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லி ஓர் இடம் கேட்டுக்கொள்ளப் பழக்குங்கள்.

அங்கே பல வீடுகளில் நாய் வளர்ப்பார்கள். உலர்ந்த உடல் உலர்ந்த துணியில் பட்டால் கழுவ வேண்டியதில்லை. ஈரம் பட்டால் நம் மத்ஹபில் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இதை அந்த வீட்டாரிடம் முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். நாய் இல்லாத வீடு வேண்டும் என்று முன்பே எழுதிவிடுவது இன்னும் நல்லது. உணவில் இறைச்சி சந்தேகம் என்றால் மீன், முட்டை, பருப்பு, காய்கறி போதும். இனிப்பில் உள்ள ஜெலட்டினைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ரமழான் வரும்போது ஸஹருக்கு எழுப்ப உம்மா இருக்கமாட்டார். இங்கிருக்கும்போதே தானாக எழும்பிப் பழகட்டும்.

விருந்தாளியின் கடமை

விருந்தாளியின் உரிமை மூன்று நாட்கள், அதற்கு மேல் செய்வது தருமம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அமெரிக்காவில் இந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் கூலி வாங்காமல் பத்து மாதம் உணவும் இடமும் தருகின்றன. அந்தக் கையைப் பிள்ளை மதிக்க வேண்டும். தன் கோப்பையைத் தானே கழுவ வேண்டும். தன் படுக்கையைத் தானே மடிக்க வேண்டும். புத்தளத்தில் என் உம்மா அந்த வீட்டு முற்றத்தைத் தினமும் சுபஹுக்குப் பிறகு கூட்டிவிடுவார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களோடு எங்களுக்கு இன்றும் கல்யாணக் கடிதப் போக்குவரத்து உண்டு.

அதே நேரம், விருந்தாளி தன்னை மறைக்கவும் வேண்டியதில்லை. அபிசீனியாவில் புகலிடம் தேடிய ஸஹாபாக்கள் நஜ்ஜாஷி மன்னரின் சபையில் தங்கள் மார்க்கத்தைத் தெளிவாகவும் பணிவாகவும் எடுத்துரைத்தார்கள். மன்னர் அவர்களைக் காத்தார்.

நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவப் பிள்ளைகளின் நடுவே முஸ்லிமாகவே வளர்ந்தார். 1930களில் கேம்பிரிட்ஜ் சென்றார். இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரி ஆனார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தார். பிறரிடையே வாழ்ந்தது அவரைக் கரைத்துவிடவில்லை. வாங்கியதைத் தம் மக்களுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வருதல்

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தச் சகோதரியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். "நாம் போனது வேறு, தங்கச்சி. நமக்குத் திரும்பும் நாள் யாரும் சொல்லவில்லை. உங்கள் மகள் போவதானால் திரும்பும் திகதி தெரிந்துதான் போவாள். படிப்பு முடிந்ததும் பிள்ளை சொந்த நாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நிபந்தனை."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கத்தாரில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும் தன் கணவரிடம் கேட்டதாகச் சொன்னார். அவர் சொன்ன பதில் இதுதானாம்: "இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வீட்டிலும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. என் பிள்ளையைத் தங்கள் மேசையில் உட்காரவைக்கும் குடும்பம் இருந்தால், நல்லவர்களா என்று விசாரியுங்கள். விசாரிக்காமல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்."

படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. இப்போது மகள் தினமும் சுபஹுக்குத் தானாக எழும்புகிறாளாம். உம்மா அந்த நிறுவனத்தாருக்குக் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவர்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் அது விசாரித்து எடுத்த முடிவாக இருக்கும்.

நம் பிள்ளைகள் போகும் இடமெல்லாம் ஈமானோடு இருந்து, நலமாக வீடு திரும்ப வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.