தோட்டத்துப் பாட்டும் இசைத்தட்டும்

உழைப்பாளியின் பாட்டு பெரும்பாலும் காற்றோடு கலந்து மறைந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியாயிருந்த மடி வாட்டர்ஸின் பாட்டு அவ்வாறு மறையவில்லை. 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தோட்டத்திற்கே சென்று அதனை ஒலிப்பதிவு செய்தார். 1943இல் சிகாகோ நகரம் சேர்ந்த வாட்டர்ஸ், அங்குள்ள இரைச்சலிலும் தம் இசை கேட்கும் பொருட்டு மின்கிதாரை ஏந்தினார். 1948 முதல் 1954 வரை அவர் பதிவு செய்த ‘புளூஸ்’ என்னும் துயரப் பாடல்களுள் 12, 1958இல் ஒரே இசைத்தட்டாகத் தொகுக்கப்பெற்றன.

நேயர்களே, நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து பறிக்கையிலும் தாலாட்டுகையிலும் பாடல்கள் பிறந்தன. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு சொற்களைக் காத்தது. மெட்டோ ஏட்டில் அடங்குவதன்று. அதனை அறிந்த மூதாட்டியர் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் குரலையும் பதிவு செய்தல் வேண்டும்.