இரண்டு புறாக்களின் கணக்கு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)

பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவைக் கொண்டாடுகிறோம். மெழுகுவர்த்திகளை மந்திரித்துப் பவனியாக ஆலயத்துக்குள் வருகிறோம். அன்றைய நற்செய்தியில் வரும் சிமியோனைப் பற்றியும் அன்னாவைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறோம். அதே பகுதியில் லூக்கா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு சிறு விவரத்தை இன்று எடுத்துக்கொள்வோம். மரியாவும் யோசேப்பும் கையில் கொண்டுபோன காணிக்கை என்ன? ஒரு சோடி மாடப்புறாக்கள், அல்லது இரண்டு புறாக் குஞ்சுகள்.

இது ஏன் முக்கியம் என்பதை லேவியர் நூல் 12ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். ஆண் குழந்தை பெற்ற தாய், 40 நாள் முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்றை எரிபலியாகவும், ஒரு புறாவைப் பாவம் போக்கும் பலியாகவும் கொண்டுவர வேண்டும். அதிகாரத்தின் கடைசி வசனம், ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாத தாய்க்கு வழி சொல்கிறது. ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக இன்னொரு புறா போதும். ஆகவே இரண்டு புறா என்று படித்த உடனேயே, அந்தச் சட்டம் தெரிந்த யூதர் ஒருவர் புரிந்துகொண்டிருப்பார், இவர்கள் ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டார் என்று. (ஞானிகள் கொடுத்த பொன் எங்கே போயிற்று என்று மறைக்கல்வி வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். ஞானிகள் வந்தது இதற்குப் பிறகு என்றே பலர் கொள்கிறார்கள்.)

அதே நூலின் 5ஆம் அதிகாரம் வேறொரு பலியைப் பற்றிப் பேசும்போது இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. புறாவுக்கும் வழியில்லையா, கொஞ்சம் மாவு கொண்டு வா என்கிறது. ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு மாவு. இல்லாதவருக்கு என்று சட்டத்திலேயே ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறது. யோசேப்பு தச்சுத்தொழில் தெரிந்தவர். தலைப்பிள்ளை ஆயிற்றே, ஊரார் என்ன சொல்வார்கள் என்று நினைத்து, யாரிடமாவது கைமாற்று வாங்கி ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் புறாக்களோடு போனார்.

நம் வீடுகளுக்கு வருவோம். ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கணவர் பெயிண்டர். நாளுக்கு 850 ரூபாய் கூலி, மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் 17,000. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்து 3,000 ரூபாய் சேர்க்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. வாடகை, அரிசி பருப்பு, சிலிண்டர், கரண்ட் பில், பஸ், மருந்து என்று போனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையும் நின்றுவிடும். நம் பங்குகளில் பாதி வீடுகள் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகின்றன.

அந்த வீட்டில் இந்த ஆண்டு மகளுக்குப் புதுநன்மை. வெள்ளை கவுன், தலைக்கு முடி, கையுறை, போட்டோ ஆல்பம், பிளக்ஸ், மண்டபம், நூறு பேருக்குப் பிரியாணி. 40,000 ரூபாய் ஆகிவிடுகிறது. மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள். மூன்று வட்டி என்று சொல்லும்போது சிறிதாகத்தான் காதில் விழும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36. நாற்பதாயிரத்துக்கு மாதம் 1,200 ரூபாய். ஓராண்டு முழுக்கத் தவறாமல் கட்டினால் 14,400 ரூபாய் போயிருக்கும், அசல் 40,000 அப்படியே நிற்கும். 1,200 ரூபாய் என்பது நாளுக்கு 40 ரூபாய். அரை லிட்டர் பாலும் இரண்டு முட்டையும் அதற்குள் வந்துவிடும். அக்காளின் புதுநன்மைக்கு மூன்று வயதுத் தம்பி ஒவ்வொரு நாளும் வட்டி கட்டுகிறான், அவனுக்குத் தெரியாமலேயே.

"மொய் வந்துவிடும் சாமி" என்பார்கள். மொய்யை வரவு என்று நினைப்பதில்தான் சிக்கல். மொய் நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதி வைக்கிறோமே, எதற்கு? நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும் என்பதற்காக. அதுவும் கடன்தான். பத்திரம் எழுதாத, தேதி குறிக்காத கடன். விருந்துக்கு வாங்கிய கடனை மொய்யில் அடைத்தால், ஒரு கடனை இருபது கடனாகப் பிரித்து ஊர் முழுக்க வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இதைவிடக் கொடியது நாள்வட்டி. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூறு நாளைக்கு 1,500தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் நாளில் நம் கையில் இருப்பது வாங்கியதில் பாதிக்கும் குறைவு. வட்டி மட்டும் முழுத்தொகைக்கு. ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அது நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் கந்துவட்டி, நாள்வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. தெருவில் காலையில் வந்து நிற்கும் பைக் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இயேசு வளர்ந்த வீட்டில் காசு எப்படிப் புழங்கியது என்று நற்செய்தியாளர்கள் தனியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன உவமைகளைக் கவனித்தால் கொஞ்சம் தெரியும். காணாமற்போன ஒரே ஒரு காசுக்காக விளக்கேற்றி வீடு முழுக்கப் பெருக்கித் தேடும் பெண். பழைய துணியில் புதுத்துணி ஒட்டுப்போட்டால் என்ன ஆகும் என்ற விவரம். நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்த நண்பனிடம், பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள் என்று உள்ளேயிருந்தே குரல் கொடுக்கும் தகப்பன். ஒற்றை அறை வீட்டில் ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்பது அப்படிப்பட்ட வீட்டில் படுத்தவருக்குத்தான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது குருவி விலை. மத்தேயுவில் இரண்டு குருவி ஒரு காசு. லூக்காவில் ஐந்து குருவி இரண்டு காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காசுக்கு நான்குதான் வர வேண்டும், ஐந்தாவது கொசுறு. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போன பிள்ளைக்குத்தான் கொசுறு தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு வீட்டு நிலைமை தெரிந்தே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று நாம் பிள்ளைகளிடம் அதை மறைக்கப் பார்க்கிறோம். கடையில் பொம்மையைக் காட்டி அழும் குழந்தையிடம், "அப்பா வந்ததும் வாங்கலாம்", "அந்தக் கடைக்காரர் அடிப்பார்", "அது நல்லா இருக்காது" என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறோம். நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும், அப்பா வந்தும் வாங்கவில்லை என்று. "இன்னைக்குப் பையில 50 ரூபாய்தான் இருக்கு, பாலும் தக்காளியும் வாங்கணும்" என்று சொன்னால் அதற்கும் அழும்தான். ஆனால் அது உண்மை. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் அந்த 50 ரூபாயைக் கொடுத்து, சீட்டைப் பார்த்து வாங்கி வரச் சொல்லலாம். மீதிச் சில்லறையை எண்ணித் தரச் சொல்லலாம். ஒன்று மட்டும் கவனம். அரிசி விலையைப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம், வட்டிக்காரர் வீட்டு வாசலில் திட்டியதைப் பிள்ளை சுமக்க வேண்டியதில்லை.

தின்பண்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பத்து ரூபாய்ப் பாக்கெட்டை யாரும் செலவாகவே எண்ணுவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 600 ரூபாய். அந்தப் பாக்கெட்டில் பாதி காற்று. வேர்க்கடலையை அவித்துக் கொடுத்தால் செலவும் குறையும், வயிறும் நிறையும். மாலையில் அம்மா தையலில் இருக்கும்போது அவித்துக் கொடுப்பது யார் என்று கேட்பீர்கள். அப்பாக்கள் அவிக்கலாம். கடலை அவிப்பதற்குப் பெரிய சமையல் ஞானம் வேண்டாம்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் முட்டையையும் வாங்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளியில் தரும் காலை உணவும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15 அன்று சில அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஆரம்பித்த அந்தத் திட்டம், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நம் மறைமாவட்டங்கள் நடத்தும் தொடக்கப்பள்ளிகள் பலவும் இந்த வகையில் வருகின்றன. "என் பிள்ளை அங்கே உட்கார்ந்து சாப்பிடணுமா?" என்று கேட்கும் தாயிடம் ஒன்று சொல்வேன். நாம் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் வரி கட்டுகிறோம். அந்தப் பொங்கலும் சாம்பாரும் நம் வீட்டுக் காசும் சேர்ந்ததுதான். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அது காலையில் அரை மணி நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. அந்த அரை மணியில் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே பேசலாம்.

கணவன் மனைவிக்குள் இருக்கும் மறைவுதான் எல்லாவற்றிலும் கடினமானது. வீடு சந்திப்புக்குப் போகும் குருக்களுக்கு இது தெரியும். மனைவி வாரக் குழுவில் கடன் எடுத்தது கணவருக்குத் தெரியாது. கணவர் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டது மனைவிக்குத் தெரியாது. இருவரும் நல்லவர்கள்தான், திட்டு விழுமே என்று பயந்து மறைத்தவர்கள். மதுக்கடைக் கணக்கு வேறு. வேலை கிடைக்கிற நாளில் மட்டும் 150 ரூபாய் என்று வைத்தாலும் 20 நாளில் 3,000 ரூபாய். மாதம் முழுக்க முதுகு வலிக்க ரவிக்கை தைத்து மனைவி சம்பாதித்த அதே 3,000. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள் யாராவது வானொலியின் சத்தத்தைக் குறைக்க எழுந்தால், கொஞ்சம் உட்காருங்கள்.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று இயேசு சொன்னதில், உட்கார்ந்து என்ற சொல்லை நான் கவனிப்பதுண்டு. நின்றுகொண்டு, கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டே பேசும் பணப்பேச்சு சண்டையில்தான் முடியும். சனிக்கிழமை கூலி வந்ததும், பிள்ளைகள் தூங்கிய பிறகு, இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில் இந்த வாரம் வந்தது, போனது, தர வேண்டியது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் அநேகமாகச் சண்டை வரும். அதற்குப் பயந்து நோட்டை மூடிவிட வேண்டாம். மழை மாதங்களுக்கென்று வாரம் 100 ரூபாய் ஒதுக்க முடியுமா என்று நாலாவது வாரத்தில் கேட்டுக்கொள்ளலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால், தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கை ஆண்டுக்கு 250 ரூபாயிலேயே நடத்தலாம்.

பங்குக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு பிள்ளை பொன்னிறக் கரை போட்ட கவுனில் வந்தால் அடுத்த பிள்ளையின் தாய் கடன் வாங்கத்தான் செய்வார். புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளை உடை, ஆலயத்தில் அடுத்த ஆண்டுக்கும் பயன்படும்படி வைத்துக்கொள்வது, திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்திலேயே எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து பன்னும் தேநீரும் என்று பங்குப் பேரவை முடிவு செய்யலாம். வசதி உள்ளவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். அவர்களே முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும். ஞானப்பெற்றோரிடம் மோதிரம் எதிர்பார்க்கும் வழக்கத்தையும் அன்பியக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

ஏற்கனவே வட்டியில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? 1462ஆம் ஆண்டு இத்தாலியின் பெருஜியா நகரில், ஏழைகள் அநியாய வட்டியில் அழிவதைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஓர் அடகு நிலையம் தொடங்கியது. பொருளை வைத்துக்கொண்டு, நிலையச் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். அதுவும் வட்டிதானே என்று திருச்சபைக்குள்ளேயே பலத்த வாக்குவாதம் நடந்தது. 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின்போது திருத்தந்தை பத்தாம் லியோ அதை ஏற்றுக்கொண்டார். இன்று நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் கிடைக்கும் நகைக்கடன் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். வட்டி பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும். மூன்று வட்டிக் கடனை அங்கே மாற்றினால், அந்த 40,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,200லிருந்து 400க்கு இறங்கும். மிச்சமாகும் 800ஐ அசலில் கட்டலாம். மனைவியின் கம்மலை வைப்பது கௌரவக் குறைச்சல் என்று எண்ண வேண்டாம். ஆனால் அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

கம்மலும் இல்லாத வீடுகள் உண்டு. அவர்கள் பங்கில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் பேசலாம். 1833இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை அது. இல்லாதவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவர்களுடைய வழக்கம். பெரிய கடனை அவர்களால் அடைத்துவிட முடியாது. ஒரு மாத அரிசி, பிள்ளையின் ஜூன் மாத நோட்டுப் புத்தகம், வங்கிப் படிவம் எழுதத் தெரிந்த ஒருவரின் துணை, இவை கிடைக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். உங்கள் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வராது.