ஒரே தேதியில் பல விழாக்கள்

உலக நாட்காட்டியில் விழாவற்ற நாள் ஒன்றைக் காட்டுதல் அரிது. ஒரே தேதியில் தொன்மைச் சடங்கும், நகைப்பூட்டும் வழக்கமும், பன்னாட்டு உடன்படிக்கையின் நினைவும் அருகருகே அமர்ந்திருக்கக் காண்கிறோம். இவை காரணத்தோடு கூடினவா, தற்செயலாய்க் கூடினவா என்பதே நாம் ஆராய விழைவது. அதற்குப் பிப்ரவரி 2-ஆம் நாளை எடுத்துக்கொள்வோம்.

கிறித்தவ உலகில் இது மெழுகுதிரித் திருநாள். மோசேயின் சட்டப்படி, ஆண்மகவை ஈன்ற தாய் நாற்பது நாள் கழிந்தபின் திருக்கோயில் சென்று காணிக்கை செலுத்துதல் வேண்டும். மரியா அவ்வாறு சென்றதை லூக்கா நற்செய்தி கூறுகிறது. டிசம்பர் 25-ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. கிறித்துவின் பிறப்பை ஜனவரி 6-இல் கொண்டாடும் ஆர்மீனியத் திருச்சபையோ இதே விழாவைப் பிப்ரவரி 14-இல் நடத்துகிறது. எனவே இங்குத் தேதியைத் தந்தது வெறும் எண்ணிக்கையே என்பது தெளிவு. குழந்தையைக் கையிலேந்திய சிமியோன் என்னும் முதியவர் அதனை ஒளி என்று போற்றியமையால், அந்நாளில் மெழுகுதிரிகளை மந்திரித்து ஏற்றும் வழக்கம் தோன்றியது.

ஆயின் உழவர் இந்நாளை வேறொரு கண்கொண்டு நோக்கினர். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும், இரவும் பகலும் ஒத்திருக்கும் மார்ச்சுத் திங்கள் நாளுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைவது பிப்ரவரியின் முதல் வாரம். பனி மூடிய நிலத்தில் புல் முளைக்க இன்னும் பல வாரங்கள் ஆகும். சேர்த்துவைத்த வைக்கோலில் பாதியேனும் இந்நாளில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்து உழவரின் கணக்கு. குறைந்தால் மாடுகள் மடியும். ஆகவே, குளிர் இன்னும் எத்துணை நாள் நீடிக்கும் என்னும் வினா அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பின் வினா. அன்று வானம் தெளிந்து வெயில் அடித்தால் குளிர் நீடிக்கும், மேகம் கவிந்தால் விரைவில் விலகும் என நம்பினர். நடுக்குளிர்காலத்தில் தெளிந்த வானம் வறண்ட கடுங்குளிர்க் காற்றோடும், மேகமூட்டம் கடலிலிருந்து வரும் மிதமான காற்றோடும் சேர்ந்து வருதல் ஐரோப்பாவில் இயல்பாதலின், இந்நம்பிக்கை முற்றிலும் அடிப்படையற்றதன்று என்றே நாம் கருதுகிறோம்.

வெயிலைக் காண நிழல் போதும். நிழலுக்கு ஒரு விலங்கு வேண்டியிருந்தது! செருமானியர் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கைக் கொண்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியர், அங்கு மிகுதியாகக் கிடைத்த, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கிரவுண்ட்ஹாக்கை அதனிடத்தில் அமர்த்தினர். 1887 முதல் பங்சடாவ்னி என்னும் சிற்றூரில் இது பெருவிழாவாயிற்று. உயர்ந்த தொப்பி அணிந்த பெரியோர் விடியற்காலையில் ‘ஃபில்’ என்னும் விலங்கை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டுவர். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம். 1887 முதல் வாழ்வது அதே ஃபில்தான் என்று அவர்கள் முகம் மாறாமல் சொல்வதுதான் வேடிக்கை. அதன் கணிப்பு பலிப்பது பாதிக்கும் குறைவே. எனினும் ஆண் கிரவுண்ட்ஹாக்குகள் பிப்ரவரித் தொடக்கத்தில் உறக்கம் கலைந்து, பெண் விலங்குகளின் வளைகளைத் தேடி வெளிவந்து, மீண்டும் வளை புகுகின்றன என்பதை விலங்கியலார் கண்டுள்ளனர். கிராமத்தார் கண்டது முழுப்பொய்யன்று.

பிற நாடுகளில் இந்நாள் பெரிதும் அடுப்பங்கரைக்குரியது. பிரான்சில் ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மெல்லிய மாவடையைச் சட்டியில் சுண்டிப் புரட்டுவர். மெக்சிகோவில் ஜனவரி 6-இல் உண்ட ரொட்டித் துண்டில் சிறு பொம்மை யாருக்குக் கிடைத்ததோ அவர் இன்று அனைவருக்கும் விருந்தளிப்பார். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்கரையிலுள்ள பூனோ நகரம் ஆடலும் பாடலுமாய் நிறைந்திருக்கும்.

அந்த ஏரியின் பெயர் இந்நாளின் மற்றொரு முகத்தையும் நினைவூட்டுகிறது. 1971-ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 2-இல், காஸ்பியன் கடற்கரையில் ஈரான் நாட்டு ராம்சர் நகரில், ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. டிட்டிகாக்கா அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 1997 முதல் இது உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் ஏற்றது. மெழுகுதிரிக்கும் சதுப்புக்கும் தொடர்பேதுமில்லை. உடன்படிக்கை அன்று உருவாயிற்று, அவ்வளவே. முன்னையவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. இதுவோ தற்செயலாய் வந்து சேர்ந்தது.

ஆயினும் நமக்கு நெருங்கியது இதுவே. தமிழகத்தில் கோடியக்கரை 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த பெயர்கள் சேரப் பல்லாண்டுகள் ஆயின. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஏறத்தாழ 1247 ஹெக்டேர் சேர்ந்தது. அதற்குள் அச்சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கு இரையாகியிருந்தது. மாநகரின் குப்பை பல்லாண்டுக் காலம் அதன் மேலேயே கொட்டப்பட்டது. 2025-இல் இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் சேர்ந்தபோது தமிழகத்தின் எண்ணிக்கை 20 ஆயிற்று. இவ்விரண்டும் மழைநீரைத் தேக்கிப் பயிர்செய்ய நம் முன்னோர் அமைத்தவை. பறவைகள் பின்னர் வந்து குடியேறின.