மூளையில் படியும் துரு

தமிழில் உயிர்வளி எனப் பொருத்தமாகப் பெயரிடப்பெற்ற ஆக்சிஜன், உயிரைக் காப்பதோடு உடலணுக்களை அரிக்கவும் வல்லது. மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் ஓய்விலிருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளி எரிந்து ஆற்றலாகும்போது, எலக்ட்ரான் இணை குலைந்த சில மூலக்கூறுகள் தோன்றுகின்றன. ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் இவை அண்டை மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைப்பவை. மூளையோ எளிதில் சிதையும் கொழுப்பு மிகுந்தது. மடிந்த நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதியவை பெரும்பாலும் பிறப்பதில்லை.

இவற்றை அடக்க உடலே குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்களை ஆக்கிக்கொள்கிறது. வைட்டமின் 'ஈ', 'சி' முதலியவை உணவின் வழி வருகின்றன. அரபு மருத்துவ ஏடுகள் இவற்றை 'முளாத்தாத்துல் அக்ஸதா', அதாவது ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள், என்று குறிக்கின்றன. தாக்குதல் ஓங்கிக் காப்பு தாழும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையை ஆய்ந்தபோது, கருநிறப் பகுதியொன்றில் குளூட்டாதயோன் குறைந்தும் இரும்பு மிகுந்தும் இருக்கக் கண்டனர். அல்ஸைமர் நோயாளரின் மூளையிலும் இத்தகைய சிதைவின் தடயங்கள் உள.

அப்படியாயின் எதிர்ப்பிகளை மாத்திரையாகக் கொடுத்தால் நோய் நிற்குமன்றோ? அறிவுக்கு இசைந்த இவ்வெதிர்பார்ப்பு சோதனையில் தேறவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடக்க நிலைப் பார்க்கின்சன் நோயாளர் 800 பேரிடம், நாளொன்றுக்கு 2000 அலகு வைட்டமின் 'ஈ' பயன் தருமா எனச் சோதித்தனர். பயனில்லை என 1993இல் முடிவு வெளியாயிற்று. நினைவு சற்றே மங்கத் தொடங்கியோரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வும், அல்ஸைமராக அது முற்றுவதை வைட்டமின் 'ஈ' தடுக்கவில்லை என 2005இல் அறிவித்தது. நடுவுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே அல்ஸைமர் கண்ட 613 பேரை ஆய்ந்து 2014இல் வெளியான முடிவில், அன்றாடச் செயல்திறன் குன்றுவது ஓரளவு தாமதப்பட்டது. நினைவாற்றல் மேம்படவில்லை.

காரணங்கள் பல. கைநடுக்கம் புலப்படுமுன்னரே உரிய நரம்பணுக்களுள் பெரும்பங்கு மடிந்துவிடுகிறது. உட்கொள்ளும் வைட்டமினில் சிறிதளவே மூளையை எட்டுகிறது. மேலும், ஃப்ரீ ராடிக்கல் முற்றிலும் பகையன்று. வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வது அதனைக் கொண்டே. அரிப்பு நோயின் காரணமா, விளைவா என்னும் வினாவும் முழுதாகத் தீரவில்லை; நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை காணலாம், புகையை விசிறினால் நெருப்பு அணையுமா?

இவ்வளவு அறிந்தும், முதிய பெற்றோருக்கு 'மூளைக்கு வலுவூட்டும்' குப்பிகளை வாங்கிக் குவிப்போர் நம்மிடையே பலர். அன்பின் மிகுதியால் செய்வது, ஆயினும் தீங்கற்றதன்று. மிகை அளவு வைட்டமின் 'ஈ' குருதி உறைவதைத் தளர்த்தும். இதய நோய்க்கென வார்ஃபரின் போன்ற மருந்துண்ணும் முதியவருக்கு அது குருதிப்போக்கையே வருவிக்கக் கூடும். கீரை, பருப்பு, கொட்டை, பழம் ஆகியவற்றை உணவாகக் கொள்வதில் இத்தகைய அச்சமில்லை. குப்பியில் அடைத்ததை வாங்குமுன் மருத்துவரிடம் முதியவர் உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் காட்டிக் கேட்பது அவசியம்.