விரைவுமாற்று டூல் போஸ்ட்

விரைவுமாற்று டூல் போஸ்ட் என்பது கடைசல் இயந்திரத்தில் (லேத்) வெட்டுளிகளைச் சில நொடிகளில் கழற்றி மாட்ட உதவும் பிடிப்பு அமைப்பு ஆகும். இதில் ஒவ்வோர் உளியும் தனித்தனி ஹோல்டரில் பொருத்தப்பட்டிருக்கும். உளிமுனையின் உயரத்தை ஹோல்டரிலுள்ள திருகால் ஒருமுறை சரிசெய்துவிட்டால், உளியை மாற்றும்போதெல்லாம் அடியில் தகடு வைக்கத் தேவையில்லை.

வகைகள்

புறாவால் வடிவப் பிடிப்புள்ள வகையில் ஹோல்டரை ஆப்பு அல்லது பிஸ்டன் இறுக்குகிறது. ஆப்பு வகையில் தொடும் பரப்பு அதிகம். மல்டிபிக்ஸ் வகையில் பற்களுள்ள உருளைத் தூணில் ஹோல்டரை 9 பாகை இடைவெளியில் 40 நிலைகளில் நிறுத்தலாம்.

பொருத்தும் முறை

டூல் போஸ்டின் நடுவே செல்லும் ஸ்டட், காம்பவுண்டு ஸ்லைடின் டீ வடிவக் காடிக்குள் உள்ள டீ நட்டில் திருகப்படுகிறது. டூல் போஸ்டுடன் வரும் டீ நட்டு பெரும்பாலும் அளவில் பெரியதாக இருக்கும். அதனைக் காடிக்கு ஏற்ப மில்லிங் செய்துகொள்ள வேண்டும். அப்போது பின்வருவன இன்றியமையாதவை:

* நட்டின் மேல்முகம் ஸ்லைடின் மேற்பரப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் டூல் போஸ்ட் நட்டின்மீது அமர்ந்துவிடும், ஸ்லைடுடன் இறுகாது.
* நட்டின் தோள்கள் காடியின் உதடுகளை இருபுறமும் சமமாகத் தொட வேண்டும்.
* ஸ்டட் நட்டைத் துளைத்துக் காடியின் அடித்தளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அது ஜாக்கியைப் போல நட்டை மேலே தள்ளும். காடியின் உதடுகள் பொதுவாக வார்ப்பிரும்பால் ஆனவை; அவை வளையாமல் உடைந்துவிடும். இதனைத் தவிர்க்க, நட்டின் கடைசி மரைகளை முழுமையாக வெட்டாமல் விடலாம்.

ஸ்டட்டை நட்டில் இறுதிவரை திருகிய பின்பும் நட்டு காடியில் கையால் தடையின்றி நகர்கிறதா எனச் சோதிக்க வேண்டும். நகராவிடில் ஸ்டட் அடியைத் தொடுகிறது என்று கொள்ளலாம்.

பின்னர், தொடும் பரப்புகளில் உள்ள உலோகத் துகள்களையும் பிசிறுகளையும் நீக்கி டூல் போஸ்டை அமர்த்த வேண்டும். ஹோல்டரின் பக்கத்தை டயல் இண்டிகேட்டரால் அளந்து, குறுக்கு ஸ்லைடின் நகர்வுக்கு இணையாக்கிய பின் மேல்நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இறுக்கும்போது டூல் போஸ்ட் சிறிது திரும்பக்கூடும்.

தளர்ச்சியின் விளைவுகள்

டூல் போஸ்ட் உறுதியாக அமராவிடில் வெட்டும்போது அதிர்வு உண்டாகி, பணிப்பொருளின் மேற்பரப்பில் அலைக்கோடுகள் விழும். துண்டித்தல் பணியில் உளி பணிப்பொருளுக்குள் இழுக்கப்பட்டு முறியவும் கூடும். எனவே உளியும் காம்பவுண்டு ஸ்லைடும் இயன்றவரை குறைவாகவே வெளியே நீண்டிருக்க வேண்டும்.